விரித்த அங்கியும் களஞ்சியச் சாவியும்

1528ஆம் ஆண்டின் வசந்தத்தில், இன்றைய செக் குடியரசின் தென்பகுதியான மொராவியாவில், நிக்கோல்ஸ்பர்க் ஊரிலிருந்து சுமார் 200 பேர் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறினார்கள். பிள்ளைகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காமல், விவரம் தெரிந்த வயதில் மறுபடி ஞானஸ்நானம் பெற்ற அனபாப்டிஸ்டுகள் அவர்கள். வாளெடுக்க மாட்டோம், போருக்கு வரி கட்ட மாட்டோம் என்று சொன்னதால் அந்த ஊர்ப் பிரபுவின் நிலத்தில் தொடர்ந்து இருக்க முடியவில்லை. வழியில் ஆளரவமற்ற ஒரு கிராமத்தில் தங்கியபோது, பொருள்களைக் கவனிக்கத் தங்களுக்குள் சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் ஓர் அங்கியைத் தரையில் விரித்தார்கள். ஒவ்வொருவராக வந்து, கையில் இருந்ததை அதன்மேல் வைத்தார்கள். யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று அவர்களுடைய வரலாற்றேடு அழுத்திச் சொல்கிறது.

அவர்கள் வழிவந்த ஹட்டரைட்டுகள் இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ 50,000 பேர். தனிச்சொத்து இல்லை, சம்பளம் இல்லை. நடுவில் இரண்டு முறை, 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 1819ஐ ஒட்டியும், பொதுவுடைமை அவர்கள் கையை விட்டுப் போனது. இரண்டு முறையும் பின்வந்தவர்கள் மீட்டார்கள். உலகத்தில் எந்த சோஷலிச அரசும் இதில் பாதிக் காலம் நீடித்ததில்லை.

கிறிஸ்தவமும் சோஷலிசமும் என்று பேச்செடுத்தாலே, இயேசு சோஷலிஸ்டா இல்லையா என்ற பட்டிமன்றத்தில் போய் நின்றுவிடுகிறோம். இரண்டு அணிக்கும் வசனங்கள் உண்டு. விடிய விடியப் பேசலாம். எனக்கு அந்தக் கேள்வியில் நம்பிக்கை போய்விட்டது. சொத்தைப் பொதுவில் வைத்து வாழ்ந்து பார்த்த கிறிஸ்தவர்கள் இருபது நூற்றாண்டுகளாக இருந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியவை வேறு. களஞ்சியச் சாவி யார் இடுப்பில் இருந்தது? மனம் மாறி விலகிப் போனவரைக் கையில் என்ன கொடுத்து அனுப்பினீர்கள்?

எல்லாரும் தொடங்குகிற இடம் அப்போஸ்தலர் நடபடிகள். எருசலேமில் இருந்த முதல் சபையார் நிலத்தையும் வீட்டையும் விற்று, பணத்தை அப்போஸ்தலரின் காலடியில் வைத்தார்கள்; அவரவர் தேவைக்கேற்ப அது பகிரப்பட்டது. அடுத்த அதிகாரத்திலேயே அனனியாவும் சப்பீராளும் வருகிறார்கள். நிலத்தை விற்றதில் ஒரு பங்கை ஒளித்துக்கொண்டு முழுவதும் கொடுத்ததாகச் சொன்னார்கள், விழுந்து செத்தார்கள். ஆனால் பேதுரு அனனியாவிடம் பேசுவதைக் கவனித்துப் படிக்க வேண்டும். விற்பதற்கு முன்னும் அது உன்னுடையதுதான், விற்ற பின்னும் பணம் உன் வசம்தான் இருந்தது என்பதே அவர் சொல்வதன் சாரம். ஆக, சொத்து வைத்திருந்தது குற்றமாகவில்லை. பொய்தான் குற்றம். கட்டாயமாகப் பறிப்பதற்கு இந்த அதிகாரத்தில் ஆதாரம் தேடுகிறவர்களுக்கு அது கிடைக்காது.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது ஆறாம் அதிகாரம். அன்றாடப் பந்தி விசாரிப்பில் தங்கள் விதவைகளைக் கவனிப்பதில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுக்கிறார்கள். கூடி வாழ்ந்த முதல் கிறிஸ்தவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் புகார் இது. அதுவும் சோற்றைப் பற்றி, மொழிச் சிறுபான்மையினர் சொன்ன புகார். அப்போஸ்தலர் அதை விசுவாசக் குறைவு என்று தள்ளவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, கரண்டியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்படைத்தார்கள் என்று இதைப் படிக்கலாம். பிற்காலக் கூட்டுவாழ்வுகளில் பல சறுக்கியது இந்த இடத்தில்தான்.

எருசலேம் சபையின் பொருளாதாரம் நீடிக்கவில்லை. சில காலம் கழித்துப் பவுல், மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் எருசலேம் ஏழைகளுக்காகத் தருமப்பணம் திரட்டிக்கொண்டிருக்கிறார். பஞ்சமும் காரணம். ஆனால் அதோடு முடியவில்லை என்று வாதிட்டவர் மார்க்சியப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க். 1905இல் அவர் எழுதிய ‘சோஷலிசமும் திருச்சபைகளும்’ சிறு நூல், மதத்தைத் திட்டித் தீர்க்கும் பிரசுரம் அல்ல. ஆதித் திருச்சபையின் மேல் உண்மையான மரியாதையோடு எழுதப்பட்டது. அவர் சொன்ன குறை இது: அவர்கள் உண்பதைப் பொதுவாக்கினார்கள், உழைப்பைப் பொதுவாக்கவில்லை. நிலத்தை விற்றுச் சாப்பிட்டால் ஒருநாள் தீர்ந்துபோகும். பிறகு கொடுக்க இன்னொரு பணக்காரர் வேண்டும். அவர் பணக்காரராக இருக்க, வேறெங்கோ ஏழைகளும் இருந்துகொண்டே இருக்க வேண்டும். மூன்றாண்டு கழித்து, இன்னொரு மார்க்சியரான கார்ல் காவுட்ஸ்கி ‘கிறிஸ்தவத்தின் அடித்தளங்கள்’ நூலில் இதே வாதத்தை விரித்தார்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி களையும் முன் வீட்டுப் பெண் ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பாள். சேர்ந்தது கோயிலுக்குப் போகும். இல்லாத வீட்டிலும் அந்தப் பிடி குறையாது. அதைவிட உயர்ந்த காணிக்கையை நான் அறியேன். ஆனாலும் லக்சம்பர்க்கின் கேள்வி அந்தப் பானைக்கும் பொருந்தும்: அரிசி விளைந்த வயல் யாருடையது, அதில் நாற்று நட்டவளுக்கு என்ன கூலி என்று பிடியரிசி கேட்பதில்லை.

இந்தக் கேள்வியின் ஓரம்வரை வந்தவர் யோவான் கிறிசோஸ்தோம். 400ஐ ஒட்டிய ஆண்டுகளில் கான்ஸ்டான்டிநோபிளின் ஆயராக இருந்தபோது, நடபடிகளை விளக்கிய பிரசங்கம் ஒன்றில் மேடையிலேயே கணக்குப் போட்டார். இந்த நகரத்தில் கிறிஸ்தவர்கள் ஒரு லட்சம் என்று வைப்போம், ஏழைகள் 50,000 என்று வைப்போம். எல்லாரும் உள்ளதைக் கொண்டுவந்தால் எவ்வளவு பொன் சேரும்? பத்துப் பிள்ளைகள் உள்ள குடும்பம் பத்து வீடாகப் பிரிந்தால் செலவு கூடுமா குறையுமா? ஒரே பந்தியில் உண்டால் எவ்வளவு மிச்சம்? பக்தியை வீட்டுச் செலவுக் கணக்காக மாற்றிக் காட்டிய அந்தப் பிரசங்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. கேட்டவர்களுக்குப் பயமாக இருந்திருக்கும். பயப்படாதீர்கள், இது பேச்சுக்குத்தான் என்ற தொனியில் அவரே ஆறுதலும் சொல்கிறார். அரண்மனையோடு பகைத்துக்கொண்டதில் நாடுகடத்தப்பட்டு 407இல் இறந்தார். நகரம் அந்தக் கணக்கைச் செய்து பார்க்கவே இல்லை.

செய்து பார்த்தவை மடங்கள். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் (நம் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்பார்கள்) எழுதிய ஒழுங்கில், துறவிக்கு மடம் கொடுக்க வேண்டிய பொருள்களின் பட்டியல் இருக்கிறது: அங்கி, செருப்பு, இடைவார், கத்தி, எழுத்தாணி, ஊசி, கைக்குட்டை, எழுதுபலகை. தேவையானதைக் கொடுத்துவிட்டால் ஒளித்து வைக்கச் சாக்கு இராது என்பது யோசனை. அப்படியும் ஒளிப்பார்கள் என்று தெரிந்து, மடத்தலைவர் படுக்கைகளை அடிக்கடி சோதிக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார். உழைப்பும் பொதுவானது, உணவும் பொதுவானது. ஆனால் பெண்டு பிள்ளை இல்லாதவர்களுக்கான ஏற்பாடு அது. அதோடு, தனி ஆள் ஏழையாக இருக்க, மடம் நிலச்சுவான்தாராக வளர்ந்தது. அதைக் கண்டு கொதித்துத்தான் பிரான்சிஸ்கு சபையார் கூட்டாகக்கூடச் சொத்து வேண்டாம் என்றார்கள். கிறிஸ்துவும் அப்போஸ்தலரும் எதையுமே உடைமையாகக் கொள்ளவில்லை என்று சாதிப்பது தப்பறை என 1323இல் திருத்தந்தை 22ஆம் யோவான் அறிவித்து அந்த வழக்கை முடித்தார்.

குடும்பத்தோடு, பிள்ளைகுட்டிகளோடு, உழைப்பையும் சேர்த்துப் பொதுவாக்கிய முதல் பெரிய சோதனை என்று ஹட்டரைட்டுகளைச் சொல்லலாம். அவர்களுக்குப் பெயர் கொடுத்த யாக்கோபு ஹட்டர் 1536இல் இன்ஸ்ப்ருக்கில் உயிரோடு எரிக்கப்பட்டார். துரத்தத் துரத்த ஓடி, 1870களில் அமெரிக்கா வந்தார்கள். முதல் உலகப் போரில் சீருடை அணிய மறுத்த இரண்டு சகோதரர்கள் ராணுவச் சிறையில் இறக்க, பெரும்பாலோர் கனடாவுக்கு நகர்ந்தார்கள்.

இன்று அவர்கள் காலனி என்று அழைக்கும் குடியிருப்பு ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தால் அந்த வாழ்வின் முழு அமைப்பும் கண்ணில் பட்டுவிடும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், வயது வரிசைப்படி. சிறு பிள்ளைகளுக்குத் தனி அறை. ஜெபம், சாப்பாடு, ஜெபம். பேச்சு குறைவு, சீக்கிரம் முடிந்துவிடும். சமையல் பெண்களுக்கு முறை வைத்து வரும். பிரசங்கி ஒருவர், பணப்பெட்டியும் கணக்கும் வைத்திருக்கும் மேலாளர் ஒருவர், வயல்வேலையை ஏவும் மேஸ்திரி ஒருவர். நவீன டிராக்டர் உண்டு, தொலைக்காட்சி இல்லை. ஆள்தொகை நூற்றைம்பதை நெருங்கினால் புது நிலம் வாங்கிக் காலனியை இரண்டாகப் பிரிப்பார்கள். அதற்கு மேல் போனால் எல்லாருக்கும் பொறுப்பான வேலை இராது என்பது அனுபவம் கற்றுத்தந்த பாடம். இந்தப் பிரிவினை ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் முடிவெடுக்கும் கூட்டத்தில் வாக்கு ஆண்களுக்கு மட்டும். முறுமுறுப்பைக் கேட்டுக் கரண்டியைக் கைமாற்றும் ஆறாம் அதிகாரம் அங்கே இன்னும் வரவில்லை.

விலகுகிறவரின் கதி நீதிமன்றம்வரை போனது. கனடாவின் மனிடோபா மாநிலத்துக் காலனி ஒன்றில் சிலர் வேறொரு சபையின் போதனைக்கு மாறினார்கள், வெளியேற்றப்பட்டார்கள். பல்லாண்டு உழைத்திருக்கிறோம், சொத்தில் பங்கு கொடுங்கள் என்று வழக்குத் தொடுத்தார்கள். ‘ஹோஃபர் எதிர் ஹோஃபர்’ என்ற அந்த வழக்கில் 1970இல் கனடா உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு ஒன்றுமில்லை என்று தீர்த்தது. காலனி என்பது சபை, சபையை விட்டால் பங்கும் போயிற்று. நீதிபதி பிஜியன் மட்டும் மாறுபட்டார்: மதம் மாறினால் உடுத்திய துணியோடு தெருவில் நிற்க வேண்டும் என்றால் மத சுதந்திரத்துக்கு என்ன பொருள் என்பது அவருடைய கவலை. நான் அவர் பக்கம். விரித்த அங்கியில் விருப்பத்தோடு வைத்தவரின் பேரன், எதையும் விரும்பி வைத்தவன் அல்ல, அங்கே பிறந்தவன்.

விசுவாசம்தான் இந்த வாழ்வைத் தாங்கும் தூண் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை எல்லாரும் சொல்வார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ஜார்ஜ் ராப்பின் பக்தர்கள் அமெரிக்காவின் இந்தியானாவில் ஹார்மனி என்ற செழிப்பான ஊரைக் கட்டினார்கள். 1825இல் அதைச் சோஷலிஸ்டான ராபர்ட் ஓவனுக்கு விற்றுவிட்டுப் பென்சில்வேனியாவுக்குத் திரும்பினார்கள். அதே வீடுகள், அதே வயல்கள். கடவுளை நம்பாத ஓவனின் கூட்டுறவுச் சமூகம் இரண்டே ஆண்டில் கலைந்தது. ராப்பின் சங்கமோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இருந்தது. பிரெடெரிக் ஏங்கெல்சே 1845இல், ஷேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் கூட்டுவாழ்வினர், ராப்பின் ஆட்கள் ஆகியோரைக் காட்டி, பொதுவுடைமை நடக்கக்கூடியதுதான் என்று எழுதினார். அவர்களுடைய மதத்தைக் கழித்துவிட்டாலும் வாதம் நிற்கும் என்று கருதினார். கழித்துவிட்டால் நிற்குமா என்பதுதான் சங்கதி.

எனக்கு அந்தக் கதையில் மறக்க முடியாதது வேறு. எந்தக் குடும்பம் எவ்வளவு கொண்டுவந்தது என்று எழுதிய பேரேட்டை 1818இல் ராப்பின் சங்கம் எரித்தது. சமத்துவத்தின் அடையாளம் என்றார்கள். உண்மைதான். ஆனால் அன்றோடு விலகிப் போகிறவருக்குக் காட்டக் கணக்கும் இல்லாமல் போனது. 1832இல் சங்கத்தில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தார்கள். நெருப்பில் போட்டது பேராசையை மட்டும் என்று ராப் நினைத்திருக்கலாம். கேள்வி கேட்கும் உரிமையும் அதோடு எரிந்தது.

இதே காலத்தில் இன்னொரு கிளை முளைத்தது. ஊரை விட்டுப் போய் ஒரு தூய குடியிருப்பு அமைப்பதல்ல, ஊரையே மாற்ற வேண்டும் என்றவர்கள். 1848இல் லண்டனில் எஃப். டி. மாரிஸ், சார்லஸ் கிங்ஸ்லி, ஜே. எம். லட்லோ ஆகியோர் ஒன்றுகூடினார்கள்; விரைவில் தங்களைக் கிறிஸ்தவ சோஷலிஸ்டுகள் என்று அழைத்துக்கொண்டார்கள். 1848இலேயே வெளிவந்த கம்யூனிஸ்ட் அறிக்கை, இப்படிப்பட்ட சோஷலிசம் பிரபுக்களின் மனப்புழுக்கத்துக்குத் தெளிக்கும் தீர்த்தம் என்று ஒதுக்கிவிட்டது. அது முழு நியாயம் அல்ல. தையல்காரர்களுக்கு அவர்கள் தொடங்கிய கூட்டுறவுப் பட்டறைகள் நொடித்துப்போயின; ஆனால் கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்த 1852ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னால் அவர்கள் உழைப்பு இருக்கிறது. ஜெர்மனியில் கிறிஸ்டோஃப் புளூம்ஹார்ட் என்ற போதகர் 1899இல் சமூக ஜனநாயகக் கட்சியின் பக்கம் சேர்ந்தார், குருப்பட்டத்தை இழந்தார். கத்தோலிக்கத் தலைமை எதிர்த்திசையில் நின்றது. தொழிலாளர் கூலி பற்றி 1891இல் 13ஆம் லியோவின் சுற்றுமடல் வலுவாகவே பேசியது. 1931இல் 11ஆம் பயஸ், ஒருவர் ஒரே நேரத்தில் நல்ல கத்தோலிக்கராகவும் உண்மையான சோஷலிஸ்டாகவும் இருக்க முடியாது என்று கதவைச் சாத்தினார்.

இரண்டு கிளையையும் ஒரே வீட்டில் சேர்க்கப் பார்த்தவர் எபர்ஹார்ட் ஆர்னால்ட். முதல் உலகப் போரில் நொறுங்கிய ஜெர்மனியில், 1920இல் சன்னர்ஸ் என்ற கிராமத்தில் மனைவி எம்மியோடும் பிள்ளைகளோடும் சில நண்பர்களோடும் புரூடர்ஹோஃப் சமூகத்தைத் தொடங்கினார். சோஷலிஸ்ட் இளைஞரும் பக்தரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். நாஜி அரசு 1937இல் குடியிருப்பைச் சூழ்ந்து கலைத்தது. இங்கிலாந்து, பிறகு பராகுவே காடு, பிறகு நியூயார்க் மாநிலம் என்று பயணம் நீண்டது. மர விளையாட்டுச் சாமான்களும் பள்ளி நாற்காலிகளும் செய்து விற்று, இன்று சுமார் 3,000 பேர் சம்பளமின்றி வாழ்கிறார்கள். லக்சம்பர்க்கின் கேள்விக்கு இது நல்ல பதில்: நிலத்தை விற்றுத் தின்னவில்லை, தொழில் செய்து உண்கிறார்கள். ஆனால் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் தலைமைத் தகராறில் நூற்றுக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள் அல்லது விலகினார்கள். பலருக்கு வெளியுலகில் வங்கிக் கணக்குக்கூட இருந்ததில்லை. நாஜிகளை எதிர்த்து நிமிர்ந்து நின்ற அதே சமூகம், தன் உள்ளே எழுந்த மாற்றுக்குரலைப் பாவமாகப் பார்த்தது. இதை எழுதும்போது வருத்தமாக இருக்கிறது.

பொதுவுடைமையை நாடு முழுவதற்கும் கொண்டுபோகப் பார்த்த பக்தியுள்ள கிறிஸ்தவர் ஜூலியஸ் நியரேரே. தான்சானியாவின் தலைவர், அன்றாடம் திருப்பலிக்குப் போகும் கத்தோலிக்கர். 1967ஆம் ஆண்டு அருஷா அறிக்கையில் ‘உஜமா’, அதாவது குடும்ப உணர்வு, நாட்டின் வழியாயிற்று. தெற்கே ருவுமா பகுதியில் லிட்டோவா முதலான கிராமங்கள் அதற்கு முன்பே தாமாகக் கூடி உழுது, கூடி முடிவெடுத்து வாழ்ந்துகொண்டிருந்தன. நியரேரேயின் கனவுக்கு உயிருள்ள சாட்சி அவைதான். 1969இல் ஆளும் கட்சி அந்தக் கிராமங்களின் சங்கத்தைத் தடை செய்தது. கட்சிக்கு வெளியே மக்கள் தாமாக இயங்கியது பொறுக்கவில்லை. 1973க்குப் பிறகு பல லட்சம் பேர் வீடு பிரிக்கப்பட்டுப் புதுக் கிராமங்களுக்கு லாரியில் ஏற்றப்பட்டார்கள். நியரேரே நேர்மையானவர், எளியவர். அதுவே இந்தக் கதையைக் கனமாக்குகிறது. அங்கியை அரசாங்கம் விரித்தால், அதில் வைக்காமல் நடந்துபோகும் உரிமை முதல் நாளே போய்விடுகிறது.

லத்தீன் அமெரிக்காவின் அடித்தளச் சமூகங்கள் வேறொரு தடத்தில் போயின. 1968 மெடலின் ஆயர் மாநாடு, 1971இல் குஸ்தாவோ குட்டியரஸின் விடுதலை இறையியல் நூல், இவற்றின் சூட்டில் ஏழைகள் சிறு குழுக்களாக வேதம் வாசித்தார்கள். பணப்பையைப் பொதுவாக்கவில்லை, நிலம் யாருடையது என்று கேட்டார்கள். பிரேசிலின் நிலமற்றோர் இயக்கம் 1984இல் உருவானதில் அந்தத் திருச்சபைப் பணிக்குழுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பிடியரிசி கேட்காத கேள்வியைக் கேட்டவர்கள் அவர்கள்.

நம் பக்கத்திலும் தடங்கள் உண்டு. மதம் மாறியதற்காக விரட்டப்பட்டவர்களுக்கென 1799இல் நிலம் வாங்கி உருவான முதலூர். 1921இல் சவரிராயன் ஏசுதாசன், எர்னஸ்ட் பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம். கதர் உடுத்தி, மணம் முடிக்காமல், வெள்ளைக்காரரும் தமிழரும் ஒரே பந்தியில் உண்டு நோயாளிகளைப் பார்த்த அந்த வீடு, சோஷலிசம் என்ற பெயரைச் சூடிக்கொள்ளவில்லை. சாதிவாரியாகக் கல்லறை பிரித்து வைத்த சபைகள் உள்ள மண்ணில், ஒரே பந்தி என்பதே எவ்வளவு பெரிய பொதுவுடைமை என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஒரே பந்திக்காக அடி வாங்கிய இன்னொரு பண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1942இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கிளாரன்ஸ் ஜோர்டனும் மனைவி ஃபுளோரன்சும் இன்னொரு தம்பதியும் 440 ஏக்கரில் கொய்னோனியா பண்ணையைத் தொடங்கினார்கள். நடபடிகளில் வரும் கிரேக்கச் சொல் அது. பழைய தமிழ் வேதாகமம் அந்நியோந்நியம் என்கிறது. ஜோர்டன் விவசாயம் படித்தவர், புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் முனைவர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே கூலி வாங்கினார்கள். 1956இல் சுற்றுவட்டாரம் முழுவதும் புறக்கணித்தது: விதை விற்க மாட்டார்கள், எரிபொருள் விற்க மாட்டார்கள், காப்பீடு ரத்து. சாலையோரக் கடைக்கு வெடி வைத்தார்கள்; இரவில் துப்பாக்கியால் சுட்டார்கள். 1957 ஈஸ்டரை ஒட்டி, கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தின் டோரதி டே அங்கே போய், இரவுக் காவலுக்குக் காரில் உட்கார்ந்திருந்தபோது அவரை நோக்கியும் சுட்டார்கள்; தப்பினார். உள்ளூரில் விற்க முடியாததால் பீக்கன் கொட்டைகளைத் தபாலில் விற்றுப் பிழைத்தார்கள்.

சூடு தாங்கிய பண்ணை, உள்ளுக்குள் தேய்ந்தது. 1968இல் மிஞ்சியவை இரண்டே குடும்பங்கள். அப்போது ஜோர்டன் செய்த காரியத்துக்காகவே அவரை நான் இவ்வளவு மதிக்கிறேன். பொதுப் பணப்பையைக் காப்பாற்ற இன்னும் இறுக்கவில்லை, திறந்துவிட்டார். பண்ணை நிலத்தில் ஒரு பகுதியை அரை ஏக்கர் மனைகளாகப் பிரித்து, அக்கம்பக்கத்து ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு, ஆன செலவுக்கே, வட்டியில்லாமல் வீடு கட்டிக் கொடுக்கும் திட்டத்தை நண்பர் மில்லார்ட் ஃபுல்லரோடு சேர்ந்து தொடங்கினார். அவர்கள் மாதாமாதம் கட்டும் பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். ஞானஸ்நானம் கேட்கவில்லை, சேர்ந்து சாப்பிடச் சொல்லவில்லை. வீடு அவர்கள் பெயரில். சாவி அவர்கள் கையில். 1976இல் ஃபுல்லர் தம்பதியர் தொடங்கிய ‘ஹாபிடட் ஃபார் ஹியூமானிட்டி’ என்ற வீடு கட்டும் அமைப்பு அந்த மனைகளிலிருந்து கிளம்பியதுதான்.

முதல் வீடு எழும்பிக்கொண்டிருந்த 1969 அக்டோபரில், வயல் நடுவே தான் எழுதுவதற்கென்று வைத்திருந்த சிறு குடிலில், 57 வயதில் ஜோர்டன் இறந்தார். சாதாரண மரப்பெட்டி ஒன்றில் வைத்துப் பண்ணை மேட்டில் அடக்கம் செய்தார்கள். அந்த இடத்தில் பெயர் பொறித்த கல் எதுவும் நடவில்லை.